இடது பின்கால்

ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டில் வந்து நின்றது. அப்பாடா என்று தமிழ்மணி கையை எடுத்ததும் முன்பக்கமாக நழுவி ஓடியது. குமிழி முன்னே போனால் பஸ்ஸின் பின்புறம் தாழ்கிறது என்று அர்த்தம். நான்கு மூலைக்கும் நான்கு ஹைட்ராலிக் ஜாக்குகள், பஸ்ஸுக்குக் கால்கள் மாதிரி, அவனே பொருத்தியவை. பட்டனை அழுத்தினால் போதும், மேடுபள்ளத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டு வண்டியை மட்டமாகத் தூக்கி நிறுத்தும். பட்டன் பெட்டியில் நான்கு பச்சை விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் இடது பின்கால் இறங்கிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து ஒன்பது தடவை தூக்கிவிட்டாயிற்று. எண்ணெய் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

வண்டி அனந்தபுரத்து வீரசேனனுடையது. பழைய டூரிஸ்ட் பஸ்ஸை வாங்கி, கட்டிலும் சமையல் மேடையுமாக வீடாக்கச் சொல்லியிருந்தார். ஜைனக் குடும்பம். எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் தங்கள் அடுப்பில் சமைத்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் அவர்களுக்கு. நாலு மணிக்கே மனைவி அனந்தமதியோடு திண்டிவனம் வந்து, பைபாஸை ஒட்டிய தமிழ்மணியின் ஷெட்டில் இறங்கிவிட்டார். அந்த அம்மாள் எலுமிச்சம்பழம் ஒன்றை மேடைமேல் வைத்துப் பார்த்தார். அது உருண்டு கீழே விழுந்து, பின்கட்டிலுக்கு அடியில் புகுந்து, இடது மூலையில் போய் முட்டி நின்றது.

"அந்த மூலைல யாரோ உக்காந்துக்கினு இருக்காப்ல இருக்குது, தம்பி" என்று சிரித்தார்.

தமிழ்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டிலில்தான் இன்று ராத்திரி அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டும் படுக்கப்போகின்றன. பெருமுக்கல்லில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு ஐந்தரைக்கு வருகிறோம், பந்தலை விரித்து வையுங்கள், அதன் கீழேதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

பந்தல் என்றது பஸ்ஸின் இடது பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் துணியை. கம்பெனிக்காரர்கள் அவ்னிங் என்பார்கள். தமிழ்மணி கைப்பிடியைச் சுற்றினான். இரண்டு இரும்புக் கைகளும் கிறீச்சிட்டுக்கொண்டு நீள, நீலத்துணி விரிந்து நிழல் தரையில் படர்ந்தது. அந்த நிழலுக்குள் காலை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. நான்கு மாதமாக அங்கே அவன் நின்றதே இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால், இதே பஸ்ஸின் அடியில் கோபி இருந்தான். பத்து வருஷமாகக் கூட வேலை பார்த்தவன். ஜாக்கை நம்பி ஒருநாளும் வண்டிக்கடியில் நுழைய மாட்டான். சேஸிஸுக்குக் கீழே புளியங்கட்டையை முட்டுக் கொடுத்து, அதற்குப் பிறகும் ஒரு தரம் கேட்டுக்கொண்டுதான் நுழைவான். அன்றைக்கு அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பந்தலின் மேல் போல்ட் தமிழ்மணிக்கு அரை அடி எட்டவில்லை. ஸ்டூல் ஷெட்டின் அந்தக் கோடியில் கிடந்தது. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று முட்டுக்கட்டையை உருவி, அதன் மேல் ஏறி, குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டான்.

திரும்பி வந்த கோபி மறுபக்கமாகப் படுத்து நகர்ந்தபடியே, "கட்டை இருக்குதாண்ணா?" என்றான்.

பல்லில் கடித்திருந்த போல்ட்டை எடுக்காமலே தமிழ்மணி சொன்னான், "இருக்குதுடா."

இடது பின்காலின் எண்ணெய் ஹோஸ் பிய்த்துக்கொண்டு, பஸ் அப்படியே கோபியின் மேல் இறங்கியது. அவ்வளவுதான்.

ஆட்களைக் கூப்பிடும் முன்பு தமிழ்மணி கட்டையைத் தூரப் போட்டான். பாவி, அதைத்தான் முதலில் செய்தான். போலீஸிடம், கோபி கட்டை வைக்காமல் நுழைந்துவிட்டான் என்றான். கோபியின் மனைவி அருணாவிடமும் அதையே சொன்னான்.

இப்போது போனை எடுத்து அருணாவுக்கு அடித்தான். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். தொண்டை வரை வந்துவிட்டது.

"சொல்லுங்கண்ணா" என்றாள் அவள். பிறகு அவளே, இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள். "ஊரே அவரத்தான் கொறை சொல்லிக்கினு இருக்குது. அவரு கேக்காம உள்ள பூர்ற ஆளே இல்லியேண்ணா. அன்னிக்கி கேக்கவே இல்லியா?"

பந்தல் துணி காற்றில்லாமல் ஒருமுறை படபடத்தது.

"கேக்கலம்மா" என்றான் தமிழ்மணி.

போனை வைத்தான். பஸ் கிறீச்சிட்டு இடது மூலையில் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

மணி ஐந்தேகால். வெயில் சாய்ந்து பஸ்ஸுக்கு அடியிலேயே மஞ்சளாக விழுந்திருந்தது. வேறு ஆள் கிடையாது. கோபிக்குப் பிறகு இந்த ஷெட்டுக்கு யாரும் வேலைக்கு வருவதில்லை. புதிதாக அறுத்த வேப்பங்கட்டையைக் கொண்டுவந்து சேஸிஸுக்குக் கீழே இறுக்கமாகத் தட்டிச் செருகினான். இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. மறுபக்கம் போய், மல்லாந்து படுத்து, முதுகாலேயே ஊர்ந்து இடது பின்கால்வரை போனான்.

எண்ணெய் வாசனை, சூடான இரும்பு வாசனை. அதோடு மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் கலந்த ஒரு வாசனை. கோபி சாயங்காலம் கை கழுவும் வாசனை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹோஸைத் தடவினான். சரியாக இருந்தது. நட்டைத் தொட்டான். இறுக்கமாக இருந்தது. பஸ்ஸின் அடித்தகடு மூக்குக்கு நாலு விரற்கடை மேலே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று.

வெளியே பந்தலின் இரும்புக் கை முனகியது. யாரோ அதைப் பிடித்து, மேல் போல்ட்டைத் திருகுகிற சத்தம்.

அவன் உதடு தானாக அசைந்தது. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை என்று தெரிந்தும் கேட்டான்.

"கட்டை இருக்குதா?"

பல்லில் எதையோ கடித்துக்கொண்டு பேசுகிற குரல், மிக அருகில்.

"இருக்குதுண்ணா."

தமிழ்மணி தலையைத் திருப்பினான்.

சேஸிஸுக்குக் கீழே கட்டை இல்லை. பந்தல் நிழலில் இருந்தது, வேப்பங்கட்டை. அதன் மேல் இரண்டு பாதங்கள். கிரீஸ் படிந்த விரல்கள். குதிகாலைத் தூக்கி, எட்டாத எதையோ எட்டிக்கொண்டு, அசையாமல்.