பிசாசுக் கதவு

ரோவினா கைக்குழந்தையோடு கோயிலுக்குள் நுழைந்தபோது பிற்பகல் வெயில் இன்னும் பாக்கியிருந்தது. உள்ளே மட்டும் நிலவறைக் குளிர். மெழுகு வாசனை, ஈரக் கல் வாசனை.

எண்ணூறு வருஷத் தேவாலயம். பழைய கோயில்களை அளந்து வரைவதுதான் அவள் பிழைப்பு. நாளைக்கு மகள் டாம்சினுக்கு இங்கேதான் ஞானஸ்நானம். குழந்தைக்குப் பெயர் வைக்க வந்த இடத்திலும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தொழில் புத்தி எங்கே போகும்?

வடக்குச் சுவரில் ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னால் குட்டையான ஓக் மரக் கதவு, குறுக்கே இரும்புத் தாழ்ப்பாள்.

பூ அடுக்கிக்கொண்டிருந்த பெர்த்தா திரும்பிப் பார்த்தாள். கோயில் சாவி அவள் பொறுப்பு.

"அது பிசாசுக் கதவும்மா. தலையில தண்ணி பட்டதும் பிள்ளை வீல்னு அழும்ல, அப்ப மட்டும் தொறப்போம். உள்ள இருக்கறது வெளிய போயிடும். உடனே சாத்திடுவோம்."

"மத்த ஊர்ல எல்லாம் இதைக் கல்லு வெச்சு அடைச்சிட்டாங்களே?"

"எங்களுக்கு வேற வேலவெட்டி இல்லன்னு வெச்சுக்கயேன்" என்று சிரித்துவிட்டு, பெர்த்தா குடத்தோடு தண்ணீருக்குப் போனாள்.

ரோவினாவுக்குக் கை அரித்தது. அந்த வளைவின் வெளிப்பக்கச் செதுக்கலை ஒரு தடவை பார்த்தால் என்ன, தேய்ந்தா போகும்? குழந்தையைக் கூடையோடு ஞானஸ்நானத் தொட்டியடியில் வைத்தாள். தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

வெளியே புல். கோயிலின் மற்ற மூன்று பக்கமும் கல்லறைகள்; அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

வெளியே இறங்கி நாடாவை விரித்தாள். முதுகுக்குப் பின்னால் டாம்சின் ஒரு தடவை சிணுங்கினாள்.

சட்டென்று நின்றது.

அவள் கெண்டைக்காலை ஏதோ ஈரமாக உரசிக்கொண்டு போனது.

உள்ளே ஓடினாள். டாம்சின் கண் திறந்து படுத்திருந்தாள். ஒன்றுமில்லை.

திரும்பி வந்த பெர்த்தா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

"பிள்ளை அழுதுச்சா?"

"இல்ல. சிணுங்கினா, அவ்வளவுதான். ஏன்?"

"அழாதப்ப தொறந்தா, போறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல. வர்றதுக்கு மட்டும்தான் வழி."

அன்றிரவு டாம்சின் பாலுக்கு அழவேயில்லை. "தங்கமான பிள்ளை" என்றான் கணவன். ரோவினா விளக்கை அணைக்காமல் கூடையருகே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பாதிரியார் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றினார்.

சத்தமில்லை.

மறுபடியும் ஊற்றினார். குழந்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வடக்குக் கதவருகே பெர்த்தா தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். ஊர்சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

மூன்றாவது தடவை.

வீலென்று அழுகை கிளம்பியது.

கதவுக்கு வெளியே.

"அது என் பிள்ளை" என்றாள் ரோவினா. "தொற பெர்த்தா. என் பிள்ளை வெளிய இருக்கா."

பெர்த்தா திறந்தாள். வெறும் புல். அழுகை மட்டும் வேலியைத் தாண்டி, மரங்களுக்குள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குரலுக்கு ரோவினாவின் மார்பில் பால் சுரந்து சட்டையை நனைத்தது. பெற்றவளின் உடம்புக்குத் தெரியாதா?

பாதிரியார் குழந்தையை அவள் கையில் கொடுத்தார். அது, சட்டை நனைந்த இடத்தை நோக்கி மெதுவாக முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்தது.