காவித் துணி கட்டிய சைக்கிள்

திருவொற்றியூரில் சாவியோவின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கும் பழைய ஓட்டு வீடு. லாரி போகும்போதெல்லாம் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் நடுங்கும். சாவியோ எனக்குப் பழக்கமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஞாயிறு காலைகளில் எண்ணூர் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டப் போன இடத்தில் கிடைத்த நண்பன். ஆனால் கூடப்பிறந்தவனைப் போல நம்பினேன். அதைச் சொல்ல இப்போது வாய் கசக்கிறது.

வால்பாறைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். பொள்ளாச்சி வரை ரயில். அங்கிருந்து ஆழியாறு, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், மேலே தேயிலைத் தோட்டங்கள். ராயபுரத்தில் பிறந்து, துறைமுக யார்டில் டீசல் புகையைத் தின்றுகொண்டிருக்கும் இந்த நுரையீரலுக்கு நாலு நாளாவது நல்ல காற்றைக் காட்டிவிட வேண்டும். அந்த ஆசையில்தான் அலுக்காமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் என்னிடம் இருந்தது கியர் இல்லாத வண்டி. மலை ஏறாது.

"அதுக்கு இன்னாத்துக்கு பேஜார் ஆவுறே நெல்சா?" சாவியோ கொல்லைப்புறத்திலிருந்து ஒரு கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "எங்க அக்கா வூட்டுக்காரரு, சாலமன் மாமாவோடது. அவரு கப்பல் வேலைக்குப் போய்ட்டாரு. சும்மாதான் கெடக்குது, நீயே வச்சுக்கோ."

பிறகு மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காவித் துணியை எடுத்து நீட்டினான். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு சைக்கிளில் போகிறவர்கள் ஹேண்டில் பாரில் கட்டுவது. ஆகஸ்ட் வந்தால் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு வண்டியில் பார்க்கலாம்.

"தூரம் போற வண்டி. உன் கையால கட்டு மச்சான்."

கட்டினேன். அவிழ்ந்துவிடக் கூடாதென்று இரட்டை முடிச்சும் போட்டேன். கதவோரம் நின்றிருந்த அவன் அக்கா ஜூடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாவியோ அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்குக் கிளம்பியபோதே வண்டி கனத்தது. பழக்கமில்லாத வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று மிதித்தேன். காசிமேட்டை நெருங்கும்போது கருவாட்டு வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. கால்வலிக்குத் தேய்க்கும் தைலம். யாரோ என் முதுகுக்குப் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு வருவதுபோல.

பிடரியில் மூச்சுக்காற்று பட்டது.

"சாவியோ எங்க?"

பிரேக் பிடித்துத் திரும்பினேன். யாருமில்லை. நல்ல வெயில், சாலை நிறைய ஆட்கள். இறங்கிப் பின் டயரைப் பார்த்தேன். ஆள் உட்கார்ந்ததுபோல் நசுங்கியிருந்தது.

நான் இறங்கிய பிறகும்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டு ரஷீது பாய் கேட்டார். "நேத்து உன்கூட வந்தாரே, அந்த ஆளு இன்னாத்துக்குப்பா சைக்கிளாண்டயே குந்திகினு கீறாரு? மேல கூப்ட வேண்டியதுதானே."

அன்று மாலை துணியை அவிழ்க்கப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே வழிவிடவில்லை. கத்தி வைத்தேன், ஒரு நூல்கூட அறுபடவில்லை. சாவியோவுக்கு போன் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள், "லீவு கெடைக்கல மச்சான். வால்பாறை கேன்சல்," என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் அவனுடைய ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ வந்தது. ஆழியாறு அணை. பின்னால் மலை. புத்தம்புது சைக்கிளோடு சாவியோ சிரித்துக்கொண்டு நிற்கிறான், பக்கத்தில் எனக்குத் தெரியாத நாலு பேர். நான் குறித்துக் கொடுத்த வழி. நான் தேடிப் பிடித்த தங்குமிடம். பயமெல்லாம் ஒரு நிமிடம் எங்கோ போய், வயிறு எரிந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திருவொற்றியூருக்குப் போனேன். ஜூடி வாசலிலேயே அழுதுவிட்டாள்.

"அவரு கப்பலுக்கெல்லாம் போல தம்பி. செத்துட்டாரு. போன வருசம் ரெண்டு பேரும் வேளாங்கண்ணிக்கு சைக்கிள்ல போனாங்கோ. மரக்காணத்தாண்ட லாரி தட்டி அவரு பள்ளத்துல வுழுந்துட்டாரு. ஆள இட்டுகினு வரேன்னு சொல்லிட்டுப் போன இவன், பயந்துகினு நேரா வூட்டுக்கு வந்துட்டான். யாராண்டயும் சொல்லல, எங்கிட்டயே ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒத்துக்கினான். விடிஞ்சப்புறம்தான் ஆளுங்க பாத்தாங்கோ."

"அந்தத் துணி?"

"அவரோடதுதான். நேர்ச்ச முடியாம செத்தவங்க துணிய யாரு கட்றாங்களோ, அவங்கதான் அத்த ஏத்துக்கினாங்கன்னு அர்த்தம். வூட்ல இருந்தவரு உன் பின்னாடி வந்துட்டாரு."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். இறந்தவரின் துணி என்றுதான் தெரியாது. அதை மறைத்து என் கையாலேயே கட்டவைத்திருக்கிறான், நான் நம்பிய சாவியோ.

"எங்களையும் டெய்லி கேட்டாரு, சாவியோ எங்கன்னு," என்றாள் ஜூடி. "பக்கத்து ரூம்லதான் இருப்பான். நான் வாயே தொறக்கல. கூடப்பொறந்தவனாச்சே."

எனக்கு அவன் கூடப்பிறந்தவன் இல்லை.

சந்துக்கு வந்தேன். வெயிலில் நின்ற சைக்கிளிலிருந்து தைல வாசனை. இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாவியோ எங்க?"

"வால்பாறைல," என்றேன். "ஆழியாறு வழியா ஏறிகினு கீறான்."

பின் டயர் மெல்ல நிமிர்ந்தது.

வாசனை போய்விட்டது. எண்ணூர்ப் பக்கத்துப் புகை நாற்றம்தான் மிச்சம். சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன், இலேசாக இருந்தது. வீட்டை நெருங்கும்போது போன் அடித்தது. சாவியோ. அவன் மூச்சு வாங்குவது கேட்டது, சுற்றிலும் மலைக் காற்று.

"நெல்சா... புது வண்டிடா. இறக்கத்துலகூட மிதிச்சாதான் நவுருது. இன்னாத்துக்கு இவ்ளோ கனமா கீது?"

என் ஹேண்டில் பாரைப் பார்த்தேன். துணி இல்லை.

"உன் ஹேண்டில் பாரப் பாரு," என்றேன்.

பிரேக் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, கிசுகிசுப்பாக, "இது நீ போட்ட முடிச்சு..."

அவனுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. எனக்குப் பழக்கமான குரல். இந்த முறை அது எதையும் கேட்கவில்லை.

"மிதி மச்சான். வேளாங்கண்ணி இன்னும் தூரம் கீது."