பெரிய வியாழக்கிழமை வெந்நீர்

"அந்த வெந்நீரை இங்க கொண்டா, சிசிலி! எத்தனை வாட்டி கேக்குதேன்..."

பெரிய வியாழன் காலையிலேயே சிலுவைராஜின் குரல் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளெல்லாம் கேட்டது. போடிமெட்டுக்குக் கீழே அந்த ஏலத்தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயில் பங்கில் அவர்தான் ஜெபக்கூட்டத் தலைவர். சாயங்காலப் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், பங்குச் சாமியார் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் அவரும் ஒருவர். கழுவப்போகிற காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு போவது அந்தப் பங்கின் வழக்கம். சாமியார் கையில் அழுக்குப் படக்கூடாதாம்! மனுஷர் ஒரு மணி நேரமாகத் தன் பித்தவெடிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சிசிலி வெந்நீரைத் தூக்குவாளியில் ஊற்றி மூடினாள்.

"இது வேற வேலைக்குங்க. ஒரு மணி நேரத்துல வந்துருதேன்..."

"வேற வேலை! அஞ்சு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா உனக்கு வேற வேலை! பூசைக்கு வரல, நன்மை வாங்கல... நான் பரிசுத்தத்தைப் பத்திப் பேசுதேன், பின்னால பொம்பளைங்க உன்னைச் சொல்லிச் சிரிக்காளுவ. இன்னிக்கு இந்தப் படியத் தாண்டினா திரும்பி வராத!"

 எட்டு வயதில் முதல் நன்மையாக நற்கருணை அப்பம் வாங்கியதிலிருந்து இந்த அஞ்சு மாசத்துக்கு முன் ஒரு ஞாயிறும் தவறாதவள் சிசிலி. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் அந்த வேலையே நின்றுபோகும். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியைத் தாண்டினாள்.

சிலுவைராஜ் கோபத்தோடு பின்னாலேயே போனார். மேல் லயத்தின் கடைசி வீட்டுக்குள் அவள் நுழைய, வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கட்டிலில் கிடந்தது அவருடைய அண்ணன் சகாயம். ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் அடக்கத்துக்குக் குடித்துவிட்டு வந்து சவப்பெட்டிமேல் விழுந்தவர். 'இனி இவன் முகத்துல முழிக்கிறவங்க என் வீட்ல இருக்கக்கூடாது' என்று அன்றைக்கே பீடத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தார் சிலுவைராஜ். அதற்குப் பிறகு மேல் லயத்துப் பக்கமே அவர் போனதில்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாத அந்த அண்ணன் இப்போது வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, சர்க்கரை நோயில் காலெல்லாம் புண்ணாகிக் கிடந்தார். பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் ஆறுமுகசாமி அவரைத் தாங்கிப் பிடித்திருக்க, சிசிலி வெந்நீரால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலையில்லாத நாளின் காலைதான் அவளுக்கும் ஆறுமுகசாமிக்கும் ஒத்துவந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் அதே நேரத்தில்தான். பெரிய வியாழனும் தோட்டத்துக்கு விடுமுறை.

"தம்பி... அவள ஏசாதடா!" சகாயத்தின் வாய் குழறியது. "சொல்லாதன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்... அவளையும் வெளியில தள்ளிருவியோன்னு பயம்..."

சிசிலி திரும்பவில்லை. "நான் பரிசுத்தமில்லாதவளாவே இருந்துட்டுப் போறேங்க. உங்க காலைக் கழுவ கோயில்ல சாமியார் இருக்காரு. பெரியத்தானுக்கு யாரு இருக்கா?"

சிலுவைராஜ் குனிந்து தன் காலைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு சிறுபிள்ளைபோல் அழுதார். பிறகு சிசிலியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பேச்சுப் பேசிட்டேன் உன்ன..." என்றார்.  பக்கத்தில் திரும்பி, "ஆறுமுகசாமி, ஜீப்ப எடுங்க. அண்ணன் நம்ம வீட்டுக்கு வாராரு" என்றார்.

சாயங்காலம் பூசைக்கு நேரமானபோது சிசிலி பழக்கத்தில் கட்டிலடியில் உட்கார்ந்தாள். சிலுவைராஜ் அவளுடைய கோயில் சேலையை எடுத்து வந்து நீட்டினார்.

"நீ போ. அண்ணன்கிட்ட நான் இருக்கேன்."

"பன்னெண்டு பேர்ல நீங்க..."

"அது கிடக்கட்டும். அஞ்சு மாசமா எனக்கும் சேத்து நீ செஞ்சுட்ட. போயி நன்மை வாங்கிட்டு வா, சிசிலி."

கோயிலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சாமியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சிலுவைராஜ் எங்க?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் சிசிலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். "வீட்ல அவங்க அண்ணன் காலக் கழுவிக்கிட்டு இருக்காரு, சாமி."

 சாமியார் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அப்ப இங்க பதினோரு பேர் போதும்" என்றார்.

அன்றைக்கு நன்மை வாங்கியபோது சிசிலி அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.