எட்டாவது லைன்

எட்டாவது லைனின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் ஃபிரெடி. பெட்டியில் சிவப்பு விளக்கு அணையவில்லை.

கீரனூர் ரோட்டு மருத்துவமனையின் மாடிப்படிக்குக் கீழே, பினாயில் வாடையும் சூடேறிய தூசியும் மூக்கை அடைக்கிற அந்தப் பொந்துக்குள், வெளியே மழை தகரத்தில் கொட்டுவதைக் கேட்டபடி, டெலிபோன் பெட்டியை ஓட்டும் லினக்ஸோடு மதியத்திலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். லைன்களைத் தாங்கும் கார்டுக்கான புது மென்பொருள், ஃபர்ம்வேர், பாதி ஏறி நின்றுவிட்டது. எட்டாவது லைனில் யாரோ ரிசீவரை எடுத்து வைத்திருக்கிறார்களாம். அதைக் கீழே வைத்தால்தான் மீதி ஏறும் என்றது திரை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. இரண்டு ஆள் வேலை. இப்போதெல்லாம் தனியாகத்தான் செய்கிறான்.

எட்டாவது லைன் பழைய கட்டடத்துக்குப் போவது. அது பூட்டிக் கிடக்கிறது.

ரிசப்ஷன் சொர்ணவல்லி எட்டிப் பார்த்தாள். "சார், அன்னவாசல் பக்கம் ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துருச்சாம். ஆம்புலன்ஸ் கேக்கும்போதே லைன் செத்துருச்சு. எந்த ஊருன்னே தெரியல. ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன், எங்க வீட்டு டீவி அப்படித்தான் வரும்."

"பாதியில ஆஃப் பண்ணா கார்டே போயிரும்மா. டீவியும் இதுவும் ஒண்ணா? போங்க, வந்துரும்."

அவள் போனதும் டெஸ்ட் போனை எட்டாவது லைனில் மாட்டிக் காதில் வைத்தான். மழை இரைச்சல். அதற்கு அடியில், மூச்சு.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... கேக்குதாண்ணே? போதுமா?"

அருள்தாஸ்.

எங்கே லைன் இழுத்தாலும் அதுதான் அவர்கள் இருவரின் பழக்கம். அருள்தாஸ் அந்தக் கோடியில் எண்ணிக்கொண்டே நிற்பான். 'போதும், வெச்சுட்டு வா' என்று ஃபிரெடி சொல்கிறவரை ரிசீவரை வைக்கமாட்டான். சித்திரையில், பழைய கட்டடத்துக்கு லைன் இழுத்த அன்று, அதைச் சொல்லாமலே ஃபிரெடி டீ குடிக்கப் போய்விட்டான். அன்றும் மழை. மின்னல் ஒயரில் இறங்கியபோது அருள்தாஸ் எண்ணிக்கொண்டு நின்றான்.

"கை வலிக்குதுண்ணே. போதுமா?"

"சார்! லைனு!" சொர்ணவல்லி கத்தினாள்.

"போதும்டா. வெச்சுரு." 'வா' என்று சொல்லவில்லை. கவனமாகத்தான் இருந்தான்.

"சரிண்ணே. வெச்சுட்டு வாரேன்."

க்ளிக்.

விளக்கு பச்சையானது. மீதி ஃபர்ம்வேர் சரசரவென்று ஏறியது. ரிசப்ஷனில் மணி அடித்தது. "சொல்லுங்கம்மா, எந்த ஊரு?"

ஃபிரெடி கண்ணை மூடினான். அப்பாடா.

ஈர மண் வாடை.

வெறுங்கால் சத்தம். படிக்கட்டில். பிறகு கதவருகே. பிறகு இல்லை.

முதுகுக்குப் பின்னால், மேசை மேல், எதையோ மெதுவாக வைக்கிற சத்தம்.

திரும்பினான். ஒரு ரிசீவர். உருகிய ரிசீவர். ஆவூர் கல்லறையில் அருள்தாஸோடு சேர்த்தே அதையும் புதைத்திருந்தார்கள். அன்று அவன் விரல்களிலிருந்து அதைப் பிரிக்க முடியவில்லை.

விரல்கள் இன்னும் பிரியவில்லை.