செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்த பார்சல்

சாமியப்பன் பார்சலை ரத்தினசாமியின் மேசைமேல் வைத்தார். மங்கலம் சாலையில் பத்து மிஷின் போட்டு பனியன் தைப்பவர். மனைவி பழனியம்மாளும் கூட வந்திருந்தார். திங்கட்கிழமை ஜெர்மனியில் இருந்திருக்க வேண்டிய சாம்பிள் செவ்வாய்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. பார்சலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வெள்ளிக்கெழம பத்தே காலுக்கே நம்மூட்டுக்கு வந்து கூரியர்காரன் சகாயராஜ் விலாசச் சீட்டு ஒட்டிட்டானுங்க. ஆனா பதினொன்றரை வண்டியில ஏத்தவே இல்லீங்க. கேட்டா, தப்பு என்னுதுதான்னு நிக்கறானாம். கூரியர்காரங்க அவன வேலைய உட்டுத் தூக்கிட்டாங்க. எனக்குக் கட்டுன பணம் திரும்ப வேணுமுங்க."

தாமதமான பார்சல்களுக்குக் கட்டணத்தைத் திரும்ப வாங்கித் தருவதுதான் ரத்தினசாமியின் தொழில். அவருடைய உதவியாளர் சாரதாமணி அதற்குள் படிவத்தை எடுத்துவிட்டாள். 2004-ஆம் வருஷம் பிறந்ததிலிருந்து இவ்வளவு சுலபமான கேஸ் வந்ததில்லை என்று அவளுக்கு ஒரே குஷி.

ரத்தினசாமி பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாரதா, பொட்டு எங்க இருக்குது?"

"சீட்டு மேலீங்க சார். சந்தனமும் குங்குமமும்."

"அப்ப, சீட்டு ஒட்டினதுக்கு அப்புறம்தான் பார்சல் சாமி ரூமுக்குப் போயிருக்குது. ஏனுங்க, பூஜைக்கு நீங்க இருந்தீங்களா?"

"இல்லீங்க. கையெழுத்துப் போட்டுட்டுத் தாராபுரம் போயிட்டேனுங்க."

"வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். அதுக்கு முன்னாலயே பூஜை முடிஞ்சிருந்தா வண்டியப் புடிச்சிருக்கலாம். புது ஆர்டருக்கு ராகு காலத்துல யாருங்க கற்பூரம் காட்டுவாங்க? பன்னெண்டுக்கு மேலதான் காட்டியிருக்கோணும். வண்டி போனதுக்கு அப்புறமும் பார்சல் உங்க ஊட்லதான் இருந்திருக்குது."

சாமியப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பழனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நாந்தானுங்க. பூவு வாங்கியாரதுக்குள்ள பத்தரை ஆயிப்போச்சு. சீட்டு நல்ல நேரத்துல போட்டாச்சு, பொருளு பன்னெண்டுக்கு மேல போவட்டும்னேன். வண்டி போயிருமுங்கம்மான்னு அவன் கெஞ்சினானுங்க. முருகன் பாத்துக்குவான்னு சொல்லிட்டேன். எம்பேரச் சொல்லீருவான்னு பயந்துட்டே இருந்தேன். சொல்லவே இல்லீங்களே!"

"உங்கள ஊட்ல யாரும் வையக்கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிட்டானுங்கம்மா," என்றார் ரத்தினசாமி.

சாரதாமணி படிவத்தை மெல்ல ஓரமாகத் தள்ளினாள். சற்றுமுன் குஷிப்பட்டதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. தவறு எங்களுடையதே, சகாயராஜை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ரத்தினசாமி எழுதிய கடிதத்தில் சாமியப்பன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சாரதாமணி அங்கிருந்தே கூரியர் ஆபீசுக்குப் போன் செய்தாள். அவர்களிடம் இருந்தது சகாயராஜின் மண்ணரை வாடகை வீட்டு விலாசமும் வீட்டுக்காரரின் போன் நம்பரும் மட்டும்தான். அந்த வீட்டுக்காரரோ, போன ஞாயிற்றுக்கிழமையே பெண்டாட்டி பிள்ளையோடு காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டான் என்றார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமுங்களாம்மா?" என்று கேட்டாள் சாரதாமணி.

பழனியம்மாள் பார்சல்மேல் இருந்த பொட்டைத் தொட்டார்.

"நாலு வருசமா எங்கூட்டு வாசல்ல நின்னு அம்மான்னு கூப்பிட்டவனுங்க. உனக்கு எந்த ஊருன்னு நான் ஒருக்காக்கூடக் கேட்டதில்லீங்களே."