ஓரத்துப் பட்டை

தடாலென்று பச்சை இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. நெவேனா துள்ளி எழுந்தாள். நடைபாதைக்குக் கீழே, நடந்து போவோரின் கணுக்கால்கள் மட்டுமே தெரியும், திறக்க முடியாத ஒரு சிறு ஜன்னலோடு கிடந்த அந்த ஸ்டூடியோவில் காற்று புக வழியே இல்லை. கைப்பிடியைத் திருகினாள். அது கழன்று கையோடு வந்தது.

கணவன் அசேனை போனில் பிடித்தாள்.

"கைப்பிடிய மாத்து, மாத்துன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டியா?" என்று சிரித்தான் அவன். "ட்ராம்ல ஏறிட்டேன். நான் வர்ற வரைக்கும் உள்ளயே கெட. சோஃபியா ஊரே நிம்மதியா இருக்கும்."

"வாயாடாம நேரா வந்து சேரு. வழியில சீஸ் பன்னைப் பாத்து நின்னுடாத!"

கோபம் பாதி சிரிப்பாகிவிட, மறுபடி லேப்டாப் முன் உட்கார்ந்தாள். நாளையோடு தங்கை ராதினா இறந்து ஒரு வருஷம். ஊர் வழக்கப்படி வீட்டுக் கதவிலும் தெரு மரங்களிலும் ஒட்ட, படம் போட்ட இரங்கல் தாள் இன்றைக்கே அச்சுக்குப் போயாக வேண்டும். ராதினாவின் நல்ல படங்களெல்லாம் பழைய கேமரா பதிந்தபடியே வைத்திருக்கும் ரா கோப்புகளாகக் கிடந்தன; புது மென்பொருள் அவற்றைத் திறக்க மறுத்தது. அதனால் ஒரு புள்ளியும் இழக்காத டிஃப் படங்களாக மாற்றிக்கொண்டிருந்தாள். பதிவாகியும் கேமரா எப்போதும் காட்டாமல் மறைத்துவிடும் ஓரத்துப் பட்டையைக்கூட, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வெட்டாமல் விட்டிருந்தாள்.

வெந்நீர்க் குழாய் முனகியது. ஜன்னலுக்கு வெளியே ஈர பூட்ஸுகள் பனிச்சேற்றை மிதித்துப் போக, ஈரச் சுவரின் வாடையோடு எங்கிருந்தோ மெலிதாகக் கோந்து வாடையும் கலந்து வந்தது.

முதல் படம் மாறி முடிந்தது. பர்காஸ் கடற்கரையில் ராதினா. வலது ஓரத்தில் மட்டும் பச்சையாய் ஒரு கீற்று.

அடுத்தது பனிமலை. அதே ஓரம். அதே பச்சை. இப்போது துருப்பிடித்த கீல் ஒன்றும் தெரிந்தது. மூன்றாவதில் பூட்டுக்குப் பக்கத்தில் பழைய கீறல். நெவேனா திரைக்கு நெருங்கிக் குனிந்தாள். அது இதே ஸ்டூடியோவின் கதவு. வெளியிலிருந்து எடுத்தது போல.

ரா கோப்பின் சின்ன முன்தோற்றத்தில் ராதினா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். மாறிய படத்தில் அவள் கண்கள் கதவைப் பார்த்தன.

'நிறுத்து' பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். பாட்டரியில் ஓடியது.

சரக்.

கதவுக்கு அந்தப்பக்கம். ஈரத் தூரிகை இரும்பில் தேய்வது போல.

சரக். சரக்.

"அசேன்?"

 கோந்து வாடை கனத்தது. கடைசிப் படம் திறந்தது.

கடல் இருந்தது. மணல் இருந்தது. முன்தோற்றத்தில் ராதினா நின்ற இடம் காலி.

அவள் ஓரத்தில் இருந்தாள். முதுகைக் காட்டியபடி. கையில் தூரிகை. கதவில் ஒரு வெள்ளைத் தாளை நீவிக்கொண்டிருந்தாள்.

படிகளில் பழகிய காலடி இறங்கி வந்தது. தேய்க்கும் ஓசை நின்றது.

"அசேன்! கதவைத் தொற! ஒடைச்சாவது தொற!"

காலடி கதவருகே வந்து நின்றது. பிறகு, அடங்கிய குரலில், அவன் கேட்டான்:

"நெவே... இந்த இரங்கல் தாள்ல ஏன் உன் படம் இருக்கு? பசை இன்னும் காயவே இல்லையே."