முப்பத்தொரு நாள் தவணை

தகரப் பேணியில் வைத்த தேத்தண்ணி அரைவாசி குறைந்திருந்தது.

சுவர்ணா பேணியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தாள். வைத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. முதலில் தேத்தண்ணி நின்ற மட்டத்தில் பழுப்பு வளையம் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது, மிச்சம் அதற்கு இரண்டு விரல் கீழே கிடந்தது. எறும்பு குடித்துத் தீர்க்கிற அளவல்ல. பூனை வாய் வைத்திருந்தால் பேணி சரிந்திருக்கும். அது வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே இருந்தது. அதன் முன்னால் சிறு விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால், மாலை போட்ட சட்டத்துக்குள்ளிருந்து அவளுடைய புருசன் ஜெயதீபன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜெயதீபன் செத்துவிட்டான் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவள்தான் ஊருக்குச் சொன்னாள். அதுவும் ஒரு பிரிட்ஜுக்காக.

மகள் சாருஜாவுக்குப் பத்து வயது. ஆறு வயதிலிருந்து சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஏற்றாவிட்டால் பிள்ளை இல்லை, சண்டிலிப்பாய் வெயிலில் மருந்தை வெளியே வைத்தால் மருந்து இல்லை. அதற்காகத்தான் ஜெயதீபன் மருதனார்மடத்துக் கடையொன்றில் மாதாமாதம் கட்டுகிற கட்டுக்காசுக்குப் பிரிட்ஜ் எடுத்தான். முதல் ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு வெளிநாட்டு ஆசை பிடித்தது. அவளுடைய தாலிக்கொடியை விற்று ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டு ரஷ்யாவுக்குப் பறந்தான். தை மாதம் ஒருநாள் அங்கிருந்து எடுத்த அழைப்புத்தான் கடைசி. "இண்டைக்குக் காட்டாலை நடந்து எல்லை தாண்டப் போறம். சரியான குளிர். போனை நிப்பாட்டப் போறன்" என்றான். ஒன்பது மாதமாகியும் அந்தப் போன் திறபடவில்லை. அவன் காட்டில் விறைத்துக் கிடக்கிறானா, வேறொருத்தியின் வீட்டில் சூடாக இருக்கிறானா என்று யோசித்து யோசித்து அவளுக்கு மனம் புளித்துவிட்டது. போகிறவன் கனவோடு போய்விட்டான். கட்டுக்காசு அவளிடம் தங்கிவிட்டது.

அவள் கைமாற்று வாங்கி வாங்கிக் கட்டியும் நாலு மாதம் கட்டாமல் நின்றது. வசூலுக்கு வருகிற லோஜன் நல்ல மரியாதையான பெடியன். செவ்வாய்க்கிழமைகளில் வருவான், ஹெல்மெற்றைக் கக்கத்தில் வைத்தபடி விறாந்தைக் கதிரையில் இருப்பான், சத்தம் போடமாட்டான். சும்மா இருப்பான். ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். அந்த இருப்பைவிட அவன் ஏசியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

"வாற செவ்வாய் லொறியோடை வருவம் அக்கா. என்னைக் கோவிக்காதேங்கோ" என்றான் ஒருநாள். சொன்னபடியே வந்தான்.

ஒழுங்கைக்குள் லொறி திரும்புகிற சத்தம் கேட்டதும் அவளுடைய கை தானாக நெற்றிக்குப் போய்ப் பொட்டை அழித்தது. படலைக்கு ஓடினாள்.

"தம்பி, உள்ளை வராதேங்கோ. துடக்கு. அவர் மோசம் போயிட்டார். முந்தநாள்தான் செய்தி வந்தது."

லோஜனின் கண் அவளுடைய வெறும் நெற்றியில் நின்றது. படலைக்குள் வைத்த காலை வெளியே எடுத்தான். செத்த வீட்டில் கடன் கேட்பவன் அந்த ஊரில் மனிசன் இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும் அக்கா. அதுவரைக்கும் கொம்பனியிலை நான் சொல்லுறன்" என்றான். போகும்போது இன்னொன்றும் சொன்னான். "இடைக்கிடை எட்டிப் பாக்கிறன். தனிய இருக்கிறியள்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் படம் மாட்டினாள், மாலை போட்டாள், விளக்கேற்றினாள், செத்தவர்களுக்கு வைக்கிற மாதிரிப் பின்னேரங்களில் தேத்தண்ணி வைத்தாள். விசாரிக்க அயலும் இல்லை. அந்த ஒழுங்கையில் மற்ற வீடுகள் எல்லாம் பூட்டுப் போட்டுக் கனடாவில் இருந்தன.

"அப்பா உண்மையாச் செத்திட்டாரோ அம்மா?" என்று சாருஜா கேட்டாள்.

"இல்லையம்மா. உவங்களுக்குச் சொல்லுறது. நீ ஒருத்தரோடையும் கதைக்காதை."

"அப்பாவுக்குத் தெரிஞ்சால் கோவிப்பாரெல்லே?"

"கோவிக்கிறதெண்டால் முதல் போனை எடுக்கட்டும்."

பேணி குறைந்த அன்று அவளுக்கு வந்த பயம் வேறு. ஜெயதீபனுக்குத் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி வேண்டும். பழக்கத்தில் அப்படித்தான் ஊற்றி வைத்திருந்தாள். பிள்ளை களவாகக் குடித்துவிட்டாளோ? உடனே விரலில் குத்திச் சீனி பார்த்தாள். கூடவில்லை. அடுத்த நாளும் பேணி குறைந்தது, அடுத்த நாளும் பார்த்தாள், பிள்ளையில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் சீனி போடாமல் வைத்துப் பார்ப்போம் என்று வெறும் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது பேணி தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. சுவரில், ஒரு ஆளின் வாய் உயரத்திலிருந்து துப்பிய மாதிரி, தேத்தண்ணி வடிந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரமே மூன்று கரண்டி போட்டு மறுபடி ஊற்றி வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்டு வந்தவனுக்குக் கொடுத்துப் பழகிய கை.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு மணம் வரத் தொடங்கியது. மழையில் நனைந்த சப்பாத்தும், நாள்கணக்காகக் காயாத கம்பளி உடுப்பும், இலை அழுகிய மண்ணும் சேர்ந்த மணம். வெளியே ஐப்பசி மழை இன்னும் விழவில்லை, முற்றத்து மண் சுட்டுக்கொண்டிருந்தது. விறாந்தையைக் கூட்டுகிறபோது தும்புத்தடியில் பச்சை ஊசி ஊசியாய் ஏதோ மாட்டியது. கடற்கரையில் நிற்கிற சவுக்கு மரத்தின் இலை என்று முதலில் நினைத்தாள். சண்டிலிப்பாயில் சவுக்கு ஏது? தோட்டக்காணியும் புகையிலையும் பனையும்தான். ஊசிகள் படலைப் பக்கமிருந்து வாசல்வரை வந்து, கூடத்தைக் கடந்து, குசினிக்குள் போயிருந்தன.

குசினியில் பிரிட்ஜ் உறுமியது. முன்பெல்லாம் உறுமிவிட்டு ஓய்கிற இயந்திரம் இப்போது ஓய்வதேயில்லை. கதவைத் திறந்தால் உள்ளே ஓரங்களில் வெள்ளையாய் உறைபனி. குளிரை ஆகக் குறைத்து வைத்தாள். அடுத்த நாள் கீரைக்கட்டு கல்லாகிக் கிடந்தது. அதற்கடுத்த நாள் சாருஜாவின் இன்சுலின் போத்தல் இரண்டும் உறைந்துவிட்டன. உறைந்த மருந்து பிறகு இளகினாலும் உதவாது. போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி நிலத்தில் இருந்து அழுதாள். எதற்காகப் புருசனைச் சாக்காட்டினாளோ, அதுவே கெட்டுப்போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வேறு மருந்து எடுத்து வந்து தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தாள். வந்த கையோடு படத்தைக் கழற்றினாள். பழைய சீலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மாலையை எருக்கும்பியில் எறிந்தாள். விளக்கை மினுக்கிக் கவிழ்த்தாள். இனிமேல் ஒருவனுக்கும் ஒன்றும் வைப்பதில்லை என்று வாய்விட்டே சொன்னாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் பொழுது படும்போது படலைக் கொளுக்கி உயர்ந்து விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

மூன்றாம் நாள் விறாந்தைக் கதிரை கிறீச்சிட்டது. பாரமான ஆள் ஒருவர் மெல்ல இருந்து, முதுகைச் சாய்த்து, காத்திருக்கத் தொடங்குகிற சத்தம். அவள் யன்னலால் பார்க்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு நின்றாள். ஒரு மணித்தியாலம். ஒன்றரை. இருட்டிய பிறகும் கதிரையை விட்டு எழும்பிய சத்தம் வரவில்லை.

குசினியிலிருந்து சாருஜா கூப்பிட்டாள்.

"அம்மா, ஏன் இப்ப தேத்தண்ணி வைக்கிறேல்லையெண்டு அப்பா கேக்கிறார்."

அடுத்த நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்குப் போனாள். சாருஜா பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ரியூசனுக்குப் போவாள், ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். அதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது என்பது அவளுடைய எண்ணம். அவர் சாகவில்லை, நான் பொய் சொன்னேன், பிரிட்ஜை இன்றைக்கே ஏற்றிக்கொண்டு போங்கள், எங்கள் வீட்டை விட்டு அது போகட்டும். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

லோஜன் மேசையிலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்தான். முகத்தில் பழைய மரியாதை இல்லை.

"நீங்கள் செய்தது சரியே அக்கா? உயிரோடை இருக்கிற மனுசனைச் சாக்காட்டிப்போட்டு, என்னையும் கொம்பனியிலை பொய்யனாக்கிப்போட்டியள்."

சுவர்ணா மேசைக்குக் கிட்டப் போனாள்.

"ஆர் சொன்னது?"

"அண்ணைதான். மத்தியானம் வந்தவர். கட்டேலாதாம், பிரிட்ஜைத் தானே ஏத்துறாராம். பேப்பரிலை கையெழுத்தும் வைச்சவர்." லோஜன் வலக்கையை மடித்து விரித்தான். "உடுப்பெல்லாம் ஈரம் அக்கா. மழையே இல்லை. கதிரையைக் காட்டினன், இருக்கேல்லை. கை குடுத்தவர், என்ரை கை இன்னும் விறைச்சுப் போய்க் கிடக்கு."

தாளை நீட்டினான். மை கசிந்திருந்தது. ஆனால் அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். தாள் இன்னும் நனைந்திருந்தது. பனிக்கட்டியைத் தொட்ட குளிர் விரலில் ஏறியது.

"இப்ப எங்கை அவர்?"

"பிள்ளையை ரியூசனாலை ஏத்திக்கொண்டு வீட்டை போறன் எண்டவர்."

அவள் சைக்கிளில் ஏறியது அவளுக்கு நினைவில்லை. சந்தைச் சனம், பஸ், கோயில் மணி எல்லாம் கலைந்து பின்னால் போயின. தோட்டவெளி வந்தது. காற்று முகத்தில் சூடாக அடித்தது. வழியில் ரியூசன் கொட்டில். வெறும் வாங்குப் பலகைகள் மட்டும். பிள்ளைகள் இல்லை. மிதித்தாள். ஒழுங்கை. பூட்டிய வீடுகள். பொழுது பட்டுவிட்டது.

படலை திறந்திருந்தது.

விறாந்தையில் சாருஜாவின் சப்பாத்து. ஒழுங்காக, சோடியாக. பக்கத்தில் பெரிய சப்பாத்து ஒரு சோடி. ஈரம். ஊசி இலைகள்.

"சாருஜா!"

பிரிட்ஜின் உறுமல் மட்டும்.

குசினி வாசலில் நின்றாள்.

பிரிட்ஜின் தட்டுகள் எல்லாம் கழற்றிச் சுவரோடு சாத்தப்பட்டிருந்தன. லொறியில் ஏற்றுவதற்கு முன் அப்படித்தான் கழற்றுவார்கள். முட்டை, தயிர்ச்சட்டி, காய்ந்த கறிவேப்பிலை. ஒவ்வொன்றாய் நிலத்தில் அடுக்கியிருந்தது. மூடிய கதவைச் சுற்றிக் கயிறு. மேலே ஒன்று. கீழே ஒன்று. இறுக்கிக் கட்டியிருந்தது.

வயரும் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மின்சாரத்தில் கொழுவியிருக்கவில்லை. ஆனாலும் அது உறுமியது.

உள்ளேயிருந்து மகளின் குரல். பயமில்லாத குரல். பல்லுக் கிட்டுகிற குரல்.

"பொறுங்கோ அப்பா. அம்மா வந்திட்டா."

சுவர்ணா பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். விரல் ஒட்டியது. முடிச்சு பனியாய் இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. இழுத்தாள்.

அப்போது பிரிட்ஜ் மெல்லச் சரிந்தது. முன்கால்கள் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. தூக்குவதற்காகப் பின்னால் நின்று யாரோ சரித்துப் பிடிக்கிற மாதிரி, பக்குவமாக, உள்ளே இருப்பது நோகாதபடி.

பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது.